சுற்றிலும் செம்பனை, உள்ளே எதற்குத் தோட்டம்?

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிர்வாகப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கட்டடத்துக்குப் பின்னால் அறுபதுக்கு நாற்பது அடியில் ஒரு காலி இடம் கிடக்கிறது. வேலையாட்கள் 180 பேர். அங்கே உட்கார ஒரு தோட்டம் போடலாம் என்று இவர் சொன்னதற்கு முதலாளி, “ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தியா? கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சைதான். இதுக்கு மேல என்ன பச்சை வேணும்? கூரை போட்டால் அறுபது மோட்டார் சைக்கிள் நிற்கும்” என்றாராம். தோட்டத்தால் உண்மையிலேயே பயன் உண்டா, முதலாளியிடம் எதைச் சொல்வது, என்ன நடுவது என்பது தம்பியின் கேள்வி.

நான் எஸ்டேட் நர்சரியில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். அப்புறம் தொழிற்சாலை வளாகங்களில் மரம், செடி, புல்வெளி பார்க்கும் குத்தகை வேலையில் இருபது வருடத்துக்கு மேல். நட்டு நன்றாக வந்ததும் உண்டு, நட்டுவிட்டு வெட்கப்பட்டதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் முதலாளிக்கு ஒரு வார்த்தை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கோலாலம்பூரில் இருபதாவது மாடியில் அலுவலகம் வைத்திருப்பவன் பச்சைக்கு ஏங்குவான். நம் ஊரில் ஜன்னலைத் திறந்தாலே பச்சை.

ஆனால் எந்தப் பச்சை? நம் மலேசியத் தமிழில் தோட்டம் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. “அப்பா தோட்டத்தில் வேலை செய்தார்” என்றால் ரப்பர் சீவினார், இல்லை செம்பனைக் குலை வெட்டினார் என்றுதான் அர்த்தம். ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டோம். அந்தத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் வீடு வாங்கியது தாமானில், அதாவது வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்புப் பகுதியில். மலாயில் தாமான் என்றாலும் தோட்டம்தான். வேலை பார்த்ததும் தோட்டம், குடிபோனதும் தோட்டம், ஆனால் இரண்டிலும் நிழலில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது.

செம்பனையும் (எண்ணெய்ப் பனை) இங்கே முதலில் அழகுக்காக வந்த மரம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து 1848-ல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவில் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. 1870-களில் மலாயாவுக்கு வந்தபோதுகூட வீட்டு முற்றத்திலும் சாலையோரத்திலும் அலங்காரத்துக்குத்தான் வைத்தார்கள். வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917-ல், தம்பியின் ஊருக்குப் பக்கத்திலேயே, தென்னமரம் எஸ்டேட்டில். பூந்தொட்டியாக வந்த மரம் நாட்டையே விழுங்கிவிட்டது. இன்றைக்கு அதே மரம் வரிசை வரிசையாக நிற்கிறது, அதன் கீழே உட்கார்ந்து சோறு சாப்பிட யாரும் போவதில்லை. ஓலை தலையில் விழும், முள் குத்தும், பாம்பு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது அடுத்தவன் சொத்து.

இதை ஒரு பேராசிரியத் தம்பதி வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன். ஒன்றையே உற்றுப் பார்த்து வேலை செய்யும்போது மனத்தின் கவனம் களைத்துப் போகிறது. மரம், தண்ணீர், அசையும் இலை மாதிரி, வலிந்து கவனிக்கத் தேவையில்லாமல் தானாகக் கண்ணை இழுக்கும் பொருள்கள் அந்தக் களைப்பை ஆற்றுகின்றன என்பது அவர்கள் கருத்து. அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: வழக்கமான வேலையிலிருந்து விலகி வேறோர் இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற உணர்வு வேண்டும். நான் கவனித்தவரை நம் ஊரில் செம்பனை வரிசை அந்த உணர்வைத் தராது. அம்மா அங்கே உதிர்ந்த பழம் பொறுக்கியிருப்பார், மாமா அங்கே அரிவாள் பிடித்திருப்பார். அந்தப் பச்சையைப் பார்த்தால் மனம் ஆறாது, கூலிக் கணக்குதான் ஞாபகத்துக்கு வரும்.

பழைய தோட்டங்களில் எல்லாமே அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, ஒரு பந்தல் பாகற்காய், நாலு வாழை இருந்தன. விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் கூடும் இடத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய மரம் நிற்கும். மண்டோர் (கங்காணி) பேர் கூப்பிடுவதும் அதன் கீழேதான், சம்பள நாளில் கடன்காரன் காத்து நிற்பதும் அதன் கீழேதான். எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்று, ஆட்களை அடுக்குமாடிக்கு அனுப்பியபோது வேலை போனது பற்றிப் பேசினோம், வீடு போனது பற்றிப் பேசினோம். அந்த நாலு வாழை போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இங்கே தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. முதலாளியிடம் போகும்போது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதை முதலில் விட்டுவிடுங்கள். 1989-ல் நாசா ஒரு சோதனை செய்தது உண்மை. ஆனால் அது காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்தது. 2019-ல் வேறு இரண்டு பேர் இம்மாதிரிச் சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாகக் காற்று மாறுவதால் நடக்கும் சுத்திகரிப்புக்குச் சமமாக வேண்டுமென்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10, கூடினால் 1,000 செடி வைக்க வேண்டுமாம். அப்புறம் மனிதன் எங்கே நிற்பது? கடைகளில் காற்றைச் சுத்தமாக்கும் செடி என்று பாம்புச் செடியை (ஸ்னேக் பிளாண்ட்) விற்கிறார்கள், வாங்குங்கள், அழகாக இருக்கும், சாகாது. அவ்வளவுதான்.

அடுத்து, எல்லோரும் எடுத்துக்காட்டும் ரோஜர் உல்ரிச்சின் ஆய்வு. 1984-ல் வெளியானது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரம் தெரியும், பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வலுவான வலி மருந்தும் குறைவாகவே எடுத்தார்கள். நல்ல ஆய்வுதான், ஆனால் அது படுக்கையில் கிடந்த நோயாளிகளைப் பற்றியது. நம் ஆட்கள் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பவர்கள். அதை இதற்கு நேராகப் பொருத்தினால் முதலாளி கேள்வி கேட்பார், கேட்கவும் வேண்டும்.

வேலைக்கு நெருக்கமானது மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்டது. 150 மாணவர்களுக்கு அலுப்பூட்டும் ஒரு கவனச் சோதனை கொடுத்து, நடுவில் 40 வினாடி இடைவேளை விட்டார்கள். ஒரு பாதிக்குப் பூத்த செடிகள் நிறைந்த மொட்டைமாடியின் படம், மறு பாதிக்கு வெறும் சிமெண்ட் மாடி. பூவைப் பார்த்தவர்கள் இடைவேளைக்குப் பிறகு குறைவாகத் தவறு செய்தார்கள். தரம் பார்க்கும் வரிசையில் வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க ஒரே பொருளைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பவருக்குக் கண்ணை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டும்.

ஆனால் தம்பி, என்னைக் கேட்டால் நீங்கள் எடுத்துப் போக வேண்டியது வேறொன்று. 2010-ல் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்து கிரேக் நைட்டும் அலெக்ஸாண்டர் ஹாஸ்லமும் வெளியிட்டது. ஒரே மாதிரி வேலையை நான்கு விதமான அறைகளில் செய்ய வைத்தார்கள். ஒன்று வெறும் அறை. இன்னொன்றில் செடியும் படமும் வைத்திருந்தார்கள். மூன்றாவதில் அதே செடியையும் படத்தையும் கொடுத்து, உங்களுக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான்காவதில்தான் விளையாட்டு: அவர்களையே வைக்கச் சொல்லிவிட்டு, வைத்து முடித்ததும் ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். வெறும் அறையைவிடச் செடி வைத்த அறையில் வேலை ஏறக்குறைய 17 விழுக்காடு கூடியது. தாங்களே வைத்தவர்களிடம் ஏறக்குறைய 32 விழுக்காடு. நான்காவது அறையில்? செடி இருந்தது, படமும் இருந்தது, ஆனால் கூடியது எல்லாம் போய்விட்டது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஒரு தொழிற்சாலை நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். வெளியூர் நிறுவனம், நல்ல காசு. முன்வாசலில் ஒரு ஏக்கருக்குக் குறையாமல் புல் விரித்தோம், அரச பனை வரிசையாக நட்டோம், நடுவில் செயற்கை நீரூற்று. நட்டது நான்தான், ஆகவே குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு. வேலை முடிந்த மறு வாரமே மும்மொழியில் பலகை வைத்தார்கள்: புல்லை மிதிக்காதீர்கள். ஆள் எங்கே சாப்பிட்டார்கள் தெரியுமா? பின்பக்கம், லோரி ஏற்றும் மேடைக்கும் சுவருக்கும் நடுவில், கால்வாய் மேல் போட்ட சிமெண்ட் மூடியில். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பழைய பால்மரம் சீவிய கை, அங்கே துப்புரவு வேலை. தினமும் ஒரே மூடியில் உட்கார்ந்து மடியில் துண்டை விரித்துச் சோற்று டப்பாவைத் திறப்பார். லோரி பின்னால் வரும் சத்தம் கேட்டால் டப்பாவோடு எழுந்து சுவரில் ஒட்டி நிற்பார். லோரி போனதும் மறுபடி உட்காருவார். சாப்பிட்டு முடிப்பதற்குள் மூன்று தடவையாவது எழுந்திருப்பார்.

“முன்னால போய் உட்காரலாமே அக்கா?” என்றேன்.

“போய்ச் சேர்றதுக்குள்ள மணி அடிச்சிருமே, தம்பி.”

அன்றைக்கே கடிகாரம் பிடித்துப் பார்த்தேன். மணி அடித்து, கையுறை கழற்றி, கை கழுவி, கார்டு அடித்து, காலணி மாற்றி, முன்வாசல் புல்வெளிக்கு வர எட்டு நிமிடம். திரும்ப எட்டு. நம் நாட்டு வேலைச் சட்டம் தொடர்ந்து ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு குறைந்தது 30 நிமிட ஓய்வு தரச் சொல்கிறது. அந்தக் கம்பெனி மிகச் சரியாக 30 நிமிடம்தான் தந்தது. போக வர 16 போனால் மிச்சம் 14. அதில் சாப்பிட வேண்டும், புல்லை மிதிக்கவும் கூடாது.

தம்பியின் இடம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம். ஆள் ஏற்கெனவே போகும் பக்கம் அதுவாகத்தான் இருக்கும். கதவிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் போக முடியாத தோட்டம் பார்வையாளருக்கும் படம் எடுப்பதற்கும்தான்.

முதலாளிக்குச் சொல்ல இன்னும் வலுவான காரணம் வெயில். வேலையிடத்தில் வெப்ப அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றி டோஷ், அதாவது பணியிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா, 2016-ல் ஒரு வழிகாட்டியே போட்டிருக்கிறது. 1994-ன் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளியின் கடமை என்று சொல்லும்போது பாதுகாப்பு, ஆரோக்கியத்தோடு நலனையும் சேர்த்தே சொல்கிறது. தோட்டம் போடு என்று சட்டம் சொல்லவில்லை, அப்படிச் சொல்லி முதலாளியைப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் வெப்பத்தைக் குறைக்க ஏதாவது செய் என்பது அதற்குள் இருக்கிறது, மரம் அதற்கு மலிவான வழி.

மரம் எப்படிக் குளிர்விக்கிறது என்பதிலும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி வெப்பம் தேவை. நன்றாக ஈரம் கிடைக்கும் பெரிய மரம் ஒரு நாளில் நூறு லிட்டர் தண்ணீரை இலை வழியாக வெளியே விட்டால், ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏர்கோன் மூடிய அறையில் ஓடுகிறது, மரம் திறந்த வெளியில் நிற்கிறது. அந்தக் குளிர்ச்சி காற்றோடு போய்விடும். ஒற்றை மரத்தடியில் வெப்பமானியைத் தொங்கவிட்டால் பெரிய வித்தியாசம் காட்டாது. உடம்புக்குத்தான் தெரியும். ஏனென்றால் நம்மைச் சுடுவது காற்று மட்டும் இல்லை. நேர் வெயில் ஒரு பக்கம், வெயிலில் 50 பாகைக்கு மேல் காய்ந்து கிடக்கும் தார்த் தரையும் சிமெண்டும் ஒரு பக்கம். மரம் இரண்டையும் மறைக்கிறது. தகரக் கூரையும் வெயிலை மறைக்கும், ஆனால் தானே காய்ந்து மேலிருந்து தணல் மாதிரி அடிக்கும். இலை அப்படிக் காயாது. முதலாளியின் அறுபது மோட்டாருக்குத் தகரம் போதும். மனிதனுக்கு இலை வேண்டும்.

தோட்டத் தொழிற்சாலை என்ற எண்ணம் புதிதில்லை. இங்கிலாந்தில் கேட்பரி குடும்பம் 1879-ல் சாக்லெட் தொழிற்சாலையை பர்மிங்காம் நகரத்து நெருக்கடியிலிருந்து பூர்ன்வில்லுக்கு மாற்றியபோது, தோட்டத்துக்குள் ஒரு தொழிற்சாலை என்றுதான் பெயர் எடுத்தார்கள். ஜப்பானில் 1970-களிலிருந்தே 9,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலை மனையில் 20 விழுக்காடு பசுமைக்கு விடச் சட்டம் வந்தது. இங்கே, தைப்பிங் ஏரிப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் தோண்டிக் குதறிப்போட்ட நிலத்தில் 1880-ல் உருவானது. வேலையிடம் முதலில், பூங்கா பிறகு. தண்ணீரைத் தொடும் அந்த மழை மரங்களை (தூங்குமூஞ்சி)ப் பார்க்கிறவர்களுக்கு அது சுரங்கமாக இருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

எஸ்டேட் நிர்வாகங்களும் பூச்செடி நடுகின்றன, தெரியுமா? செம்பனைத் தோட்டத்துச் சாலையோரத்தில் வெள்ளை இதழும் கறுத்த நடுப்பகுதியுமாகப் பூக்கும் டர்னெராவை எல்லோரும் பார்த்திருப்போம். இளஞ்சிவப்பாகப் படரும் ஆன்டிகோனன் கொடியையும். அழகுக்கு வைத்தது இல்லை. ஓலையைத் தின்று, பை கட்டித் தொங்கும் புழுக்களைத் தாக்கும் சின்னக் குளவிகளுக்கு அந்தப் பூவின் தேன் உணவு. மருந்தடிக்கும் செலவு குறையும் என்பதற்காகத்தான் கணக்கப்பிள்ளை காசோலை எழுதுகிறார். டர்னெராவை நீங்களும் நடுங்கள். காலையில் விரியும், உச்சிவேளைக்குச் சுருங்கிவிடும். பசியாறும் நேரத்துக்கு முழுசாகப் பூத்திருக்கும்.

இனி அந்த 60-க்கு 40 அடி.

ஒரு வாரம் எதையும் நடாதீர்கள். காலை பத்துக்கும் மதியம் ஒன்றுக்கும் போய், யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தச் சுவரோரம், எந்தத் திசை பார்த்து என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆள் தேர்ந்தெடுத்த இடத்தை மாற்றப் போராடினால் தோற்பது நீங்கள்தான்.

அடுத்தது மண். தொழிற்சாலை மனையில் மேல்மண் இருக்காது. புல்டோசர் தள்ளிவிட்டு, எங்கிருந்தோ வெட்டிய செம்மண்ணைக் கொட்டி உருளையால் அமுக்கியிருப்பார்கள். ஒன்றரை அடி ஆழம் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பிவிட்டு மறுநாள் காலை போய்ப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் அந்தக் குழியில் மரம் நடுவது தொட்டியில் பிணத்தை வைப்பது மாதிரி. வேர் அழுகிவிடும். மண்ணை மூன்றடி அகலத்துக்காவது கொத்திப் பிளந்து, மேடாக்கித்தான் நட வேண்டும். பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் வெறுங்குலை கேளுங்கள். பழம் உதிர்த்த பிறகு குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெறுங்குலையாகத்தான் மிஞ்சுகிறது. நன்றாக மக்கியதை மட்டும் எடுங்கள், மெல்லிய ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அப்புறம் எதிரே இருக்கும் எஸ்டேட்காரர் சண்டைக்கு வருவார்.

மரத்துக்கு என் முதல் ஓட்டு மகிழம். மலாய்க்காரர்கள் தஞ்சோங் என்பார்கள். எப்போதும் இலை இருக்கும், அடர்ந்த நிழல், கீழே விழுந்து காய்ந்த பூவும் மணக்கும். மெதுவாகத்தான் வளரும், அதுதான் குறை. நிழலுக்கு இரண்டு மகிழம், சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி. கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) வேண்டாம், இலை ஒவ்வொன்றும் தட்டு அளவு, கால்வாய் அடைக்கும். அங்சானா மரம் சீக்கிரம் வளரும், ஆனால் காற்றடித்தால் கிளை முறியும், இந்தச் சின்ன இடத்துக்கு ஆபத்து. மழை மரத்துக்கு இந்த இடம் ஒரு கைக்குட்டை. அரசு, ஆல் பற்றிப் பேசவே வேண்டாம். வேர் சுவரைப் பிளப்பது ஒரு பக்கம், ஆறு மாதத்தில் கீழே ஒரு கல் வரும், ஒரு வருடத்தில் மஞ்சள் துணி கட்டியிருக்கும், அப்புறம் அந்த மரத்தை நீங்கள் தொடவே முடியாது. எனக்குச் சாமி மேல் கோபமில்லை. இடம் சின்னது, அவ்வளவுதான்.

மகிழம் நிழல் தர நாலைந்து வருடம் ஆகும். அதுவரைக்கும் ஒரு குழாய்ப் பந்தல் போட்டுக் கொடி விடுங்கள். சங்குப்பூ, பீர்க்கு, அவரை, மர்க்கிசா (பேஷன் பழக் கொடி) எதுவும் வரும். மூன்று மாதத்தில் தலைக்கு மேல் பச்சை இருக்கும். பெஞ்சுகளை இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும்படி தனித்தனியாகப் போடுங்கள், முதுகுக்குப் பின்னால் சுவரோ செடியோ இருக்கட்டும். எல்லாப் பெஞ்சும் மேனேஜரின் ஜன்னலைப் பார்த்து இருந்தால் ஒருவரும் உட்கார மாட்டார்.

பாத்தியில்தான் எக்ஸெட்டர் பாடம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறடிக்கு மூன்றடி ஒரு பாத்தி கொடுங்கள். என்ன நட வேண்டும் என்று சொல்லாதீர்கள். பிற்பாடு வேறொரு தொழிற்சாலையில் இப்படிச் செய்தோம். இரண்டு மாதத்தில் நேப்பாளத் தம்பிகள் கடுகுக்கீரை போட்டார்கள், வங்காளதேசத்துக்காரர்கள் செங்கீரை. மலாய் அக்காமார் பாண்டானும் (ரம்பை) செராயும் (எலுமிச்சைப் புல்), நம் ஆட்கள் கறிவேப்பிலையும் துளசியும். வடிவமே இல்லை, பார்க்கக் கண்ணராவியாக இருந்தது. தலைமையகத்திலிருந்து ஆள் வரும் வாரத்தில் மேனேஜர் அதை ஒழுங்காக்கி ஒரே மாதிரிப் பூச்செடி வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்று மன்றாடினேன். நல்ல வேளை, கேட்டார். செங்கீரைப் பாத்திக்காரர் ஒருவர், ஓவர்டைம் முடிந்து களைத்து வந்தாலும் கைவிளக்கு அடித்து அதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அறுத்த கீரையில் ஒரு பிடியை எனக்கும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வேருக்கு ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டித்தான் சுற்றியிருந்தார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் இலவச வேலை. ஒரு கம்பெனியில் ஓய்வு நாளில் எல்லோரையும் வரவழைத்து, ஒரே நிற டீ-சட்டை கொடுத்து, மண்வெட்டியோடு படம் பிடித்தார்கள். சம்பளம் இல்லை, ஒரு பொட்டலம் நாசி லெமாக். அடுத்த வாரத்திலிருந்து அந்தச் செடிகளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்ட வேலைக்கு வாரம் அரை மணி வேலை நேரத்திலேயே ஒதுக்குங்கள். மரம் கவாத்து பண்ண, பந்தல் பழுதுபார்க்கக் குத்தகைக்காரர் இருக்கட்டும். பாத்தி ஆட்களுடையது.

கொசு பற்றி முதலாளி கட்டாயம் கேட்பார். டிங்கி (டெங்கு) காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ், முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம், தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் பார்த்தால் கதை முடிந்தது. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். இலைக்கு நடுவே தண்ணீர் பிடிக்கும் புரொமிலியாட் வகைகள் வேண்டவே வேண்டாம். வெட்டிய மூங்கில் முனை, கிடக்கும் பிளாஸ்டிக் கப், பந்தல் குழாயின் திறந்த வாய், இவைதான் உண்மையான குற்றவாளிகள். 1975-ன் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் சம்மன் வந்தால் 500 ரிங்கிட் வரைக்கும் போகும், ஆனால் சம்மனைவிட டிங்கிதான் பெரிய பயம்.

பாம்புக்குச் செராய் நட்டால் வராது என்பார்கள். நான் செராய்ப் புதருக்குள்ளேயே பாம்பைப் பார்த்திருக்கிறேன். பாம்பு வருவது எலிக்காக, எலி வருவது சோற்றுக்காக. மூடி போட்ட குப்பைத் தொட்டி வையுங்கள், செடிகளை முழங்கால் உயரத்தில் வெட்டி விடுங்கள், பலகையோ பழைய டயரோ குவிக்காதீர்கள்.

அந்த இடத்தில் ஏற்கெனவே வளர்ந்த மரம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மோட்டார் நிறுத்தவோ பந்தல் போடவோ அதை வெட்டுவதற்கு முன் ஊராட்சி மன்றத்தைக் கேளுங்கள். 1976-ன் நகர், கிராமத் திட்டச் சட்டத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்துக்கு அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. 0.8 மீட்டர் என்றால் பெரிய மரம் என்று நினைக்காதீர்கள், குறுக்கே ஓரடிகூட இருக்காது.

முதலாளியிடம் பேசும்போது உற்பத்தி இத்தனை விழுக்காடு கூடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எக்ஸெட்டர் கணக்கு எக்ஸெட்டருக்கு. இடத்தைப் பாதியாகப் பிரித்து, முப்பது மோட்டாருக்குக் கூரையும் மிச்சத்தில் தோட்டமும் என்று கேளுங்கள். மோட்டார் கூரையைக் கிழக்குப் பக்கம் போடச் சொல்லுங்கள், மேற்குப் பக்கம் மரத்துக்கு வேண்டும். ஓய்வு முடிந்து மணி அடித்ததும் எத்தனை பேர் நேரத்துக்குத் திரும்புகிறார்கள், மதியத்துக்குப் பிறகு எத்தனை பொருள் கழிவாகப் போகிறது என்ற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். தோட்டம் போடுவதற்கு முன் மூன்று மாதம், போட்ட பிறகு மூன்று மாதம் எடுத்து அவர் மேசையில் வையுங்கள். கூடினாலும் குறைந்தாலும் உள்ளதைக் காட்டுங்கள்.

நம் பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை பிடிக்கும். செப்டம்பர் கடைசியில் குழி வெட்டி வைத்தால் தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறையும். அதற்கு முன் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் நின்று, மேற்கே பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சுவரின் நிழல் எதுவரை விழுகிறது என்று தெரிந்தால் மகிழத்தை எங்கே வைப்பது என்று சரியாகச் சொல்லிவிடுவேன்.